கலவையான குழுவுக்கு எந்தச் சாலை? டான்யூப், ஷிமானாமி, ஸ்டெல்வியோ

நன்றாக ஓட்டுகிறவர், ஓட்டிப் பழகாதவர், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் என எல்லோரும் கலந்த குழு ஒன்றாகச் சைக்கிளில் போகவேண்டும். வழியும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். இதை மனதில் வைத்துத் தேடியதில் கடைசியாக மூன்று மிஞ்சின. டான்யூப் ஆற்றங்கரைப் பாதையில் ஜெர்மனியின் பஸ்ஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை ஒன்று. ஜப்பானில் பாலங்கள் வழியே தீவு தீவாகப் போகும் ஷிமானாமி கைடோ இன்னொன்று. மூன்றாவது, இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் ஸ்டெல்வியோ கணவாய். நாங்கள் போனது ஷிமானாமிக்கு. அதனால் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூன்றும் அழகு என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. நல்ல தார்ச்சாலை, வழிகாட்டிப் பலகை, தங்குமிடம் எல்லாம் மூன்றிலும் உண்டு. அதையெல்லாம் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் முடிவே வராது. முடிவைத் தந்தது வேறொரு கேள்வி: குழுவில் வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் உள்ள இடைவெளியை இந்தச் சாலை எவ்வளவு பெரிதாக்கும்?

சமதளத்தில் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. வேகம் கூடக் கூட அதற்குத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். ஆகவே இரண்டு மடங்கு சக்தி உள்ளவர் இரண்டு மடங்கு வேகத்தில் போய்விட முடியாது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 125 வாட் சக்தியில் மிதிப்பவர் மணிக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர் போவார். 250 வாட்டில் மிதிப்பவர் 36. இருபத்து நான்கு கிலோமீட்டர் தூரத்தில் வித்தியாசம் 13 நிமிடம்தான். அதையும் குறைக்க வழி இருக்கிறது. மெதுவானவர் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தால் காற்று அவரைப் பெரிதாகத் தாக்காது, இருவரும் பேசிக்கொண்டே போகலாம்.

ஏற்றத்தில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே எதிரி காற்று இல்லை, எடை. வேகம் குறைவு என்பதால் ஒருவர் பின்னால் ஒளிந்துகொள்வதிலும் பெரிய லாபமில்லை. சக்தி இரண்டு மடங்கு என்றால் வேகமும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஸ்டெல்வியோவில் அடிவாரத்து ஊரான பிராட்டோ பக்கமிருந்து ஏறினால் தூரம் 24 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஏறும் உயரம் 1,800 மீட்டர், சராசரிச் சரிவு ஏழரை சதவீதத்தை ஒட்டி. மேலே சொன்ன அதே இருவரை இங்கே ஏற்றினால் ஒருவர் இரண்டு மணி நேரத்துக்குள் உச்சியில் இருப்பார். மற்றவருக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் நடுவில் எங்கும் இறங்கி நிற்காவிட்டால். ஆற்றங்கரையில் 13 நிமிடமாக இருந்த இடைவெளி இங்கே ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. முதலில் ஏறியவர் வியர்வையில் நனைந்த சட்டையோடு 2,750 மீட்டருக்கு மேலான உயரத்தில், குளிரில், காத்துக்கொண்டிருக்கவேண்டும். இதைக் குழுப்பயணம் என்று எப்படிச் சொல்வது?

அதற்காக ஸ்டெல்வியோவைக் குறைத்துப் பேசவில்லை. 1820களில் போட்ட சாலை அது. பிராட்டோ பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் வேறு. நான் அதில் ஏறியதில்லை. வேறு நீண்ட ஏற்றங்களில் பட்டதை வைத்துத்தான் சொல்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே தரத்தில் உள்ள குழு என்றால் தாராளமாகப் போகலாம். முன் பல்சக்கரத்திலும் பின் பல்சக்கரத்திலும் பற்களின் எண்ணிக்கை சமமாக இருக்கும் அளவுக்காவது இலகுவான கியர் வேண்டும். நிமிடத்துக்கு 60 மிதி போட்டாலே அதில் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வந்துவிடும், முட்டியும் தப்பிக்கும். குளிர்காலத்தில் சாலையே மூடிக்கிடக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளிதான் அளவுகோல் என்றால் டான்யூப் அல்லவா ஜெயிக்கவேண்டும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆற்றோடு இறங்கிப் போகும் சமதளம், பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் காற்று முதுகைத் தள்ளும், பல இடங்களில் இரு கரையிலும் பாதை, களைத்தால் ரயில். மெல்க், கிரெம்ஸ் ஊர்களுக்கு இடைப்பட்ட வாஹாவ் பள்ளத்தாக்கை மட்டும் ஓட்டியிருக்கிறேன். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் அந்தத் துண்டு வெகு சுகம். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் முழு வழி 300 கிலோமீட்டருக்கு மேல், நாள் கணக்கில் ஓட்டவேண்டும். பழக்கமில்லாதவருக்கு அங்கே காலைவிட முதலில் மக்கர் பண்ணுவது உட்காரும் இடம். முதல் நாள் சிரித்துக்கொண்டே ஓட்டுகிறவர், மறுநாள் காலை சீட்டைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். இன்னொரு பக்கம், வலுவுள்ளவருக்கு ஒரே மட்டத்தில் போய்க்கொண்டே இருப்பது சலிக்கும்.

ஷிமானாமி இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஓனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை சுமார் 70 கிலோமீட்டர், ஆறு தீவுகள். வழி தொலையவே தொலையாது: சாலை ஓரத்தில் ஒரு நீலக்கோடு கூடவே வரும், இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்பதும் தரையில் எழுதியிருக்கும். வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாடு என்பதால் நமக்குத் தடுமாற்றமும் இல்லை. முதல் தீவுக்கு மட்டும் படகில் போய்விடுவது வழக்கம். தீவுகளுக்குள் பாதை பெரும்பாலும் சமதளம். ஏற்றம் என்று வருவது பாலங்களுக்கு ஏறும் சைக்கிள் பாதைகளில்தான். அவற்றையும் ஏறக்குறைய மூன்று சதவீதச் சரிவில் வளைத்து வளைத்து அமைத்திருக்கிறார்கள். அங்கே பிரிகிற குழு பாலத்தின் வாயில் சில நிமிடங்களில் சேர்ந்துவிடும். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கவும் அந்த இடம் தோதாக இருக்கும்.

பாலங்களும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. இன்னோஷிமா பாலத்தில் சைக்கிள் பாதை கார்கள் ஓடும் தளத்துக்குக் கீழே போகிறது. தலைக்கு மேல் வண்டிகள் தடதடக்கும், பக்கத்தில் கம்பி வலை, அதற்கு அப்பால் கடல். தாதாரா பாலத்தில் கோபுரங்களிலிருந்து சாய்வாக இறங்கும் கம்பிவடங்கள் நேராகத் தளத்தைத் தாங்குகின்றன; 1999ல் திறந்தபோது அந்த வகைப் பாலங்களில் உலகிலேயே இரு கோபுரங்களுக்கு நடுவே நீளமான தளம் கொண்டது அதுதான், 890 மீட்டர். கடைசியில் வரும் குருஷிமா பாலம், மூன்று தொங்குபாலங்களை ஒன்றோடொன்று கோத்தது, நான்கு கிலோமீட்டர்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான். குருஷிமாவுக்கு முந்தைய தீவான ஓஷிமாவில் கிரோசான் என்று 300 மீட்டரை ஒட்டிய ஒரு குன்று இருக்கிறது. உச்சியில் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த பார்வை மேடை. செங்குத்தான ஏற்றம், தொடை எரியும். தினவு உள்ளவர்கள் அங்கே ஏறி இறங்கட்டும். அந்த நேரத்தில் மற்றவர்கள் நிதானமாகப் பாலத்தைக் கடந்துகொண்டிருப்பார்கள். மறுகரையில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு வந்து சேரலாம். முடியாதவர் வாடகை சைக்கிளை வழியில் உள்ள நிலையம் ஒன்றில் விட்டுவிட்டுப் பேருந்தோ படகோ பிடிக்கலாம். ஒன்று மட்டும்: வழியில் விடும் வசதி எல்லா வகைச் சைக்கிளுக்கும் இருக்காது, மின்சார சைக்கிள் வேண்டுமென்றால் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்று பலமாக அடித்தால் பழகாதவர் மிரண்டுபோவார்; அந்த நேரத்தில் அனுபவசாலி ஒருவர் அவருக்குத் துணையாக, காற்று வரும் பக்கமாக வரவேண்டும். கோடையில் புழுக்கம், ஜூனில் மழை, அப்புறம் இலையுதிர்காலம் வரை புயல் பயம். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் கடைசி, நவம்பர் என்று தேதி வைத்துக்கொள்வது நல்லது. எழுபது கிலோமீட்டரையும் ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்றும் கட்டாயமில்லை. நடுவில் உள்ள தீவுகளான இகுச்சிஜிமாவிலோ ஓமிஷிமாவிலோ ஒரு ராத்திரி தங்கினால் தூரம் ஏறக்குறைய பாதிப்பாதியாகப் பிரிந்துவிடும்.