குயில்ட் பத்திரிகைகளும் பேட்டர்ன்களும்: கழித்தது போக மிஞ்சியவை

குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கிற போர்வை) பத்திரிகைகளையும், படமும் செய்முறையுமாக வரும் பேட்டர்ன்களையும் ஒழுங்காக வைக்க நான் புழங்கிப் பார்த்தவை மூன்று: நிறுத்தி வைக்கிற பத்திரிகைப் பெட்டி, பிளாஸ்டிக் உறை போட்ட ரிங் ஃபைல், ஸ்கேன். வருஷக்கணக்கில் பழகிய பிறகும் தைக்க உட்காரும்போது கை போவது ஃபைலுக்குத்தான். அதற்குள் எதையெல்லாம் சேர்க்காமல் விட்டேனோ, அதனால்தான் அது இன்னும் உதவுகிறது.

பெட்டியில் மாதவாரியாக அடுக்கினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் யாருக்கும் "மார்ச் இதழ்" தேவைப்படுவதில்லை. மீந்த துணியில் ஒரு குழந்தைப் போர்வை, 12 அங்குல நட்சத்திர பிளாக் (குயில்ட்டில் திரும்பத் திரும்ப வரும் சதுரம்), ஓரத்துக்கு ஒரு பார்டர் என்றுதான் தேடுவோம். அதற்கு ஒவ்வொரு இதழாகப் புரட்ட வேண்டும். புரட்ட ஆரம்பித்தால் தையல் அன்றைக்கு அவ்வளவுதான்.

கழிக்கும்போது எனக்குக் கை கொடுத்த சோதனை ஒன்று உண்டு. வண்ணப் படத்தைக் கையால் மறைத்துவிட்டு, செய்முறைப் பக்கத்தில் இருக்கும் கோட்டுப் படத்தை மட்டும் பார்ப்பது. அட, இது நைன் பேட்ச்! இது லாக் கேபின்! இது ஒஹையோ ஸ்டார்! ஒரே பிளாக் பத்து இதழில் பத்துப் பெயரில் வந்திருக்கும். நம்மை மயக்கியது வடிவம் இல்லை, அந்தத் துணியின் நிறமும் பூவும். அந்தத் துணியோ கொஞ்ச நாள் அச்சாகிக் கடையிலிருந்தே போயிருக்கும். நிறச் சேர்க்கை பிடித்திருந்தால் படத்தை மட்டும் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டிக்கொள்ளலாம். செய்முறையைக் காக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து வந்ததுதான் என் விதி: நேர்கோடு போகட்டும், வளைவு இருக்கட்டும். நேர்கோட்டு பிளாக்குகளைக் கணக்குப் போட்டே வெட்டிவிடலாம். கால் அங்குலத் தையல் விளிம்பு (தையலுக்காக ஓரத்தில் விடும் துணி) என்றால், பட்டைக்கும் சதுரத்துக்கும் தைத்து முடிந்தபின் வர வேண்டிய அளவோடு அரை அங்குலம் கூட்டினால் போதும். இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரத்துக்கு 7/8 அங்குலம் கூட்டி, சதுரமாக வெட்டி, மூலைவிட்டத்தில் ஒரு முறை வெட்ட வேண்டும். தைத்து முடிந்த அளவு 3 அங்குலம் என்றால் 3 7/8. நான்கு முக்கோணம் சேர்ந்ததற்கு 1 1/4 அங்குலம் கூட்டி, இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்ட வேண்டும். இந்த மூன்று கணக்கையும் ஒரு அட்டையில் எழுதி ஃபைலின் முன்பக்கம் செருகியதும் தாள் தாளாகக் கழன்றது. வைத்துக்கொண்டவை டபுள் வெட்டிங் ரிங், டிரெஸ்டன் பிளேட், டிரங்கர்ட்ஸ் பாத் மாதிரி வளைவு உள்ளவை, முழு அளவில் அச்சான அப்ளிக் (துணியை வடிவமாக வெட்டி மேலே வைத்துத் தைப்பது) படங்கள், காகிதத்தின் மேலேயே தைக்கிற ஃபவுண்டேஷன் பேட்டர்ன்கள். இவற்றைக் கணக்கால் மீட்க முடியாது, படம்தான் வேண்டும்.

பழைய இதழ்கள் தனிக் கதை. ஓல்ஃபா நிறுவனத்தின் ரோட்டரி கட்டர், அதாவது துணி வெட்டும் உருளும் வட்டக் கத்தி, வந்தது 1979-ல். அதற்கு முந்தைய செய்முறைகள் அட்டையில் டெம்ப்ளேட் (வெட்ட வேண்டிய வடிவத்தின் அச்சு) வரைந்து, துணியில் குறித்து, கத்தரியால் வெட்டச் சொல்லும். சில டெம்ப்ளேட்டில் தையல் விளிம்பு சேர்ந்திருக்கும், சிலதில் சேர்ந்திருக்காது. உள்ளே புள்ளிக்கோடு இருக்கிறதா என்று பார்த்து, ஃபைலில் போடும்போதே பென்சிலால் எழுதிவிட வேண்டும். 1969-ல் தொடங்கி 2016-ல் நின்றுபோன குயில்டர்ஸ் நியூஸ்லெட்டர் பத்திரிகை போன்றவற்றில், குயில்ட் வரலாறு பற்றிய கட்டுரை உள்ள இதழ்களைப் பிரிக்கவே மனசு வரவில்லை. பெட்டியில் இன்று இருப்பவை அவை மட்டும்தான்.

பிரிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நடுவில் பின் அடித்த இதழில் பின்னை நிமிர்த்தினால் தாள் சுலபமாக வந்துவிடும். ஆனால் 12-ம் பக்கமும் 69-ம் பக்கமும் ஒரே தாளாக வரும். படம் முன்னால், செய்முறை பின்னால், அதன் முதுகில் வேறொரு பேட்டர்னின் தொடக்கம். இரண்டுமே வேண்டுமென்றால் ஒன்றை நகல் எடுக்காமல் வழியில்லை. முதுகு ஒட்டிய இதழ்களை, துணிக்கு ஆகாமல் மழுங்கிய பிளேடைப் போட்டு ஓரத்தோடு அறுத்துவிடுகிறேன். எடுத்த தாளில் இதழின் பெயர், மாதம், வருஷம் கட்டாயம் எழுத வேண்டும். அளவுகளில் பிழை இருந்தால் திருத்தம் பிந்தைய இதழில்தான் வரும். எந்த இதழ் என்று தெரியாத தாளுக்குத் திருத்தம் தேட முடியாது.

உறைகளில் பாலிப்ரொப்பிலீன் என்று போட்டதை மட்டும் வாங்குங்கள். பிவிசி உறை நாளாக நாளாக அச்சு மையைப் பிடித்துக்கொள்ளும். தாளை உருவினால் எழுத்து உறையோடு போகும். வளையம் டி வடிவமாக இருக்கட்டும். வட்ட வளையத்தில் கடைசித் தாள்கள் வளைந்து மடங்குகின்றன. பளபளப்புத் தாள் கனம் அதிகம், அதனால் ஒரு பெரிய ஃபைலை அடைத்தால் வளையத்தின் வாய் பிளந்துவிடும். ஒல்லியான ஃபைல் நாலைந்து வைப்பதே உத்தமம். நான் பிரித்திருப்பது வளைவு, அப்ளிக், ஃபவுண்டேஷன், பார்டர், பை-சிறு பொருள் என்று. உறையின் மேல் மூலையில் பிளாக்கின் தைத்து முடிந்த அளவு.

ஸ்கேனைப் பற்றி எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. எழுத்துச் செய்முறைக்கு ஓகே. ஃபோனில் எடுத்த படம் டெம்ப்ளேட்டுக்கு உதவாது, ஓரங்கள் சரிந்திருக்கும். கண்ணாடி ஸ்கேனரில் 300 டிபிஐயில் எடுத்தாலும் பிரிண்ட் எடுக்கும்போது இடிக்கும். அமெரிக்க லெட்டர் தாள் 216 மி.மீ. அகலம், ஏ4 210. "பக்கத்துக்குப் பொருத்து" என்பதை மாற்றாமல் அச்சிட்டால் 6 அங்குல பிளாக் 5.8 அங்குலத்துக்கும் சற்று மேலாகத்தான் வரும். பக்கத்து பிளாக்கோடு சேராது. ஸ்கேன் எடுக்கும்போதே பக்க ஓரத்தில் ஒரு அங்குலச் சதுரம் வரைந்துவிட்டால், அச்சிட்டதும் ஸ்கேலை வைத்துச் சரிபார்க்கலாம்.

இதழின் நடுவில் மடித்து வைத்து வரும் பெரிய பேட்டர்ன் தாள்களுக்கு மட்டும் இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும், மடித்த இடம் நைந்துபோகும். தேவையானதை டிரேசிங் பேப்பரில் எடுத்துக்கொண்டு மூலத்தாளை உறையில் போடுகிறேன். சுருட்டி வைத்துப் பார்த்தேன், விரித்தால் மேஜையில் படியவே மாட்டேன் என்கிறது.

கழித்தவற்றில் முழு இதழ்களைத் தைக்கிற தோழிகளுக்குக் கொடுத்தேன், பக்கம் போனவற்றைப் பழைய காகிதத்தோடு போட்டேன். கொடுக்கும் இதழிலிருந்து ஸ்கேன் எடுத்திருந்தால் அதை அழித்துவிட்டுத்தான் கொடுப்பேன். வடிவமைப்பாளருக்கு அது பிழைப்பு, ஒரு பிரதி இரண்டு பேரிடம் இருப்பது சரியில்லை. பேட்டர்ன் தாள் உள்ளேயே இருக்கிறதா என்றும் பார்த்துக் கொடுங்கள். அது இல்லாத இதழ் வாங்குகிறவருக்கு வெறும் படப்புத்தகம்.