துணை தேடித் தரும் சேவையில் சேரப் போகிறவர்கள் கவனத்துக்கு

துணை தேடித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு சேவையில் பதிவு செய்துவிட்டு இப்போது அவதிப்படுகிறேன். பெயர் வேண்டாம், இதே வேலையைச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள்.

கட்டணம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளவே போன் நம்பர் கொடுத்து ஓடிபி போட வேண்டும். அப்புறம் பிறந்த தேதி, சம்பளம், மதம், எடை, நிறம், ஏற்கெனவே திருமணம் ஆனதா என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். 'சொல்ல விரும்பவில்லை' என்று குறிக்க இடமே இல்லை.

சரி, பொருத்தம் பார்க்கத்தானே என்று நினைப்போம். விவாகரத்து ஆனவள் என்று குறித்ததும் எனக்கு வந்ததெல்லாம் என்னைவிட மிகவும் மூத்தவர்கள், இல்லையென்றால் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறவர்கள். என் ரசனை, விருப்பம் பற்றி எழுதியதை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. நான் போட்ட வயது வரம்பைக்கூட அவர்களே மாற்றியிருந்தார்கள். போனில் கேட்டால், "உங்க கேட்டகரிக்கு இப்படித்தான் மேடம் வரும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று பதில். கேட்டகரியாம்!

அதுவரை எரிச்சல் மட்டும்தான். ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் நேராக என் நம்பருக்கே அழைத்து, என் சம்பளத்தையும் விவாகரத்தையும் சொல்லிப் பேச்சைத் தொடங்கினார். நம்பரை யாருக்கும் காட்ட வேண்டாம் என்றுதான் குறித்திருந்தேன். பணம் கட்டிய உறுப்பினர்கள் நம்பரைப் பார்ப்பதை அது தடுக்காதாம். விதிமுறைகளின் அடியில் எங்கேயோ இருக்கிறதாம்.

கணக்கை நீக்கிய பிறகும் அழைப்புகள் நிற்கவில்லை. பல சேவைகளில் 'நீக்கு' என்று அழுத்தினால் நம் பக்கம் மறையும், அவ்வளவுதான். தகவல் அவர்களிடமே இருக்கும். திருமணமானவர்கள் ரகசிய உறவு தேடும் ஆஷ்லி மேடிசன் தளம் கணக்கை முழுதாக அழிக்கத் தனியாகப் பணம் வாங்கியது. 2015-ல் ஹேக்கர்கள் அதன் தகவல்களை வெளியிட்டபோது, அப்படிப் பணம் கட்டியவர்களில் சிலரின் விவரங்களும் உள்ளே இருந்தன. தன்பாலீர்ப்பாளர்கள் துணை தேடும் கிரைண்டர் செயலியோ பயனர்களின் தகவலை முறையான சம்மதம் இல்லாமல் விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்தது. அதற்காக 2021-ல் நார்வே 6.5 கோடி குரோனர் அபராதம் போட்டது. ஒருவர் அந்தச் செயலியில் இருக்கிறார் என்பதே அவருடைய அந்தரங்கத் தகவல்தான் என்பது அந்த நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வாதம். எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது.

சேர்ந்தே ஆக வேண்டுமென்றால் தனி மின்னஞ்சல், தனி நம்பர் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற சமூக வலைத்தளங்களில் போட்ட அதே படத்தை இங்கே போடாதீர்கள். படத்தை வைத்துத் தேடியே உங்கள் முழுப் பெயரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சம்பளத்தைக் கட்டாயமாகக் கேட்டால் அங்கேயே வெளியே வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்தவர்கள், தகவல் முழுவதையும் அழிக்கச் சொல்லி எழுத்தில் கேட்டு அதன் நகலை வைத்திருங்கள். போனிலிருந்து ஆப்பை மட்டும் எடுத்தால் கணக்கு அப்படியேதான் இருக்கும். தானாகப் புதுப்பிக்கும் சந்தா என்றால் அதையும் தனியாக ரத்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பணம் போய்க்கொண்டே இருக்கும்.