குறிப்பேட்டில் பெயர்: தங்கத்தாள் அச்சா, லேசரா?

கோலாலம்பூரில் பரிசுக்குக் குறிப்பேடு வாங்கித் தமிழில் பெயர் போடுபவர்கள் முதலில் அட்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன செயற்கைத் தோல் என்றால், தங்க நிறத் தாளைச் சூட்டில் அழுத்திப் பதிக்கும் தங்கத்தாள் அச்சுதான். பிவிசி அட்டையில், ஒளிக்கற்றையால் எரித்துப் பொறிக்கும் லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு கிளம்பும். விவரம் தெரிந்த கடைக்காரர் மறுத்துவிடுவார்.

தங்கத்தாளில் சூடு மிஞ்சினால் எழுத்தின் ஓரம் தாண்டிப் பரவும்; குறைந்தால் உரியும். பொடி எழுத்தில் ‘ஞ’, ‘ண’ சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளியும் மறையும்: ‘கார்த்திக்’ என்பது ‘காரததிக’ ஆகிவிடும். 8 மில்லிமீட்டர் உயரம் கேளுங்கள்.

அசல் தோலுக்கும் மூங்கில் அட்டைக்கும் லேசர் அருமை. மெல்லிய சுழிகூடத் தெளிவாக விழும், பையில் உரசினாலும் அழியாது. தினமும் எழுதும் மாணவருக்கு இதுவே என் தேர்வு. ஆனால் கறுப்புத் தோலில் பெயர் சரியாகத் தெரியாது, கருகல் வாடை சில நாள் இருக்கும். பளபளப்பு வேண்டிய கல்யாணப் பரிசுக்குத் தங்கத்தாள்.

எதுவானாலும் பெயரை வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பாதீர்கள். சில மென்பொருளில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறிவிடும். எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிய பிடிஎஃப் கொடுத்து, அச்சுக்கு முன் மாதிரியைப் புள்ளி புள்ளியாகச் சரிபாருங்கள்.