கிளேயா, டயல் கேஜா? பழைய இன்ஜினுக்குப் புது கேம் போடுவதற்கு முன்னால்

புதுச்சேரியில் எந்தப் பட்டறையில் போய் “வால்வு கிளியரன்ஸ் பார்க்கணும்” என்று சொன்னாலும், கை நேராக ஃபீலர் கேஜுக்குத்தான் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போகும். “டேப்பட்தானே அண்ணே, அரை மணி நேரம் உட்காருங்க” என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அந்தச் சொல்லுக்கு இங்கே வால்வின் மேல் முனைக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி என்றுதான் அர்த்தம். நான் பேசவருவது வேறு இடைவெளி. வால்வு திறந்து கீழே இறங்கியிருக்கும் நேரத்தில் பிஸ்டன் மேலே ஏறி வருகிறது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் என்பதுதான் கேள்வி. அதை அளக்க இரண்டு வழி: பிஸ்டன் மேல் குழந்தைகள் விளையாடும் கிளேயைப் பரப்பி நசுக்கிப் பார்ப்பது, இல்லையென்றால் நகர்வை முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பது. டேப்பட் தப்பாக இருந்தால் ஒன்று டக்டக் சத்தம் வரும், இல்லையென்றால் நாளடைவில் வால்வு கருகும். இந்த இடைவெளி தப்பினால் முதல் நாளே வால்வு வளைந்துவிடும்.

என்னுடையது அம்பாசடர், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்து 1489 சிசி இன்ஜின். 1955-ல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே குடும்பத்து இன்ஜின்தான். அதனால் கேம் (வால்வுகளைத் திறக்கவைக்கும் மேடுள்ள தண்டு), ராக்கர், கனமான ஸ்பிரிங் என்று வெளிநாட்டில் இன்றும் சாமான் கிடைக்கிறது. ஆசை யாரை விட்டது?

அளவுகோல் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டீல் கனெக்டிங் ராடு உள்ள இன்ஜினுக்கு இன்லெட் பக்கம் 2 மி.மீ, எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ மிச்சம் வேண்டும் என்பது இந்த வேலை செய்பவர்களின் கணக்கு. எக்ஸாஸ்டுக்குக் கூடுதல் ஏன்? அந்த வால்வு சூட்டில் நீள்கிறது. போதாததற்கு மூடிக்கொண்டு மேலே போகும் அதைப் பிஸ்டன் பின்னாலேயே துரத்துகிறது. ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்தாலும் முட்டிவிடும்.

வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போதுதான் முட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். முழு லிஃப்ட் வரும் நேரத்தில் பிஸ்டன் பாதி வழிக்கு மேல் கீழே போயிருக்கும். ஆபத்து ஓவர்லாப் நேரத்தில்தான்: எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டிருக்கும், இன்லெட் திறக்க ஆரம்பித்திருக்கும், பிஸ்டன் உச்சியில் இருக்கும். உச்சிக்குச் சுமார் 10, 15 டிகிரி முன்னால் எக்ஸாஸ்டும், அதே அளவு பின்னால் இன்லெட்டும் பிஸ்டனுக்கு மிக நெருக்கமாக வருகின்றன. கேம் லோபின் (கேமில் உள்ள மேட்டின்) உயரம் 6.5 மி.மீ என்று வையுங்கள். 1.4 விகித ராக்கரில் வால்வு 9.1 மி.மீ இறங்கும், 1.6 போட்டால் 10.4. பயமாக இருக்கிறதல்லவா? ஆனால் உச்சிக்குப் பக்கத்தில் லோப் தூக்குவது 1.5 மி.மீ என்றால் 2.1 என்பது 2.4 ஆகிறது, அவ்வளவுதான். ராக்கர் திருடுவது கொஞ்சம். கேமின் ஓவர்லாப்பும் கேம் டைமிங்கும்தான் பெரிய திருடர்கள்.

இப்போது கிளே. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் குழந்தைகள் விளையாட்டுச் சாமானோடு வாங்கிய ஒரு டப்பா போதும். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் வால்வு வரும் இரண்டு இடத்திலும் விரல் கனத்துக்குப் பரப்பி, ஏற்கெனவே நசுங்கிய பழைய கேஸ்கெட்டைப் போட்டு, ஹெட்டை முழு டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, டேப்பட் செட் பண்ணி, கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று. இடையில் எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்திவிடவேண்டும், ஸ்பேனரை வைத்து அழுத்தக்கூடாது. அப்புறம் ஹெட்டைத் தூக்கி, பிளேடால் கிளேயைக் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரில் அளக்க வேண்டும்.

சொல்ல எளிது. முதல் தடவை மே மாதத்தில் செய்தேன். நம் ஊர் வெயிலில் கிளே அல்வா மாதிரி இளகிக் கிடந்தது. வால்வு முகத்தில் எண்ணெய் தடவ மறந்துவிட்டேன். ஹெட்டைத் தூக்கினால் கிளே பாதி வால்வோடு மேலே வந்துவிட்டது, மீதி பிஸ்டனில். என்ன அளப்பது? மறுமுறை கிளேயை ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தேன். வீட்டில் கிடைத்த பேச்சு தனிக் கதை. அந்தத் தடவை தழும்பு சுத்தமாக விழுந்தது. குறுக்கே வெட்டிய துண்டு நிலாப் பிறை மாதிரி ஒரு பக்கம் மெலிந்திருந்தது. அந்த மெலிந்த பக்கத்தைக் காட்டுவதுதான் கிளேயின் பலம்.

நண்பர் ஒருவரின் பத்மினி காரில் இது கைகொடுத்தது. பிஸ்டனில் வால்வுக்கு இடம் விட லேத்தில் பாக்கெட் வெட்டியிருந்தார். டயலில் ஆழம் 2.3 மி.மீ, எல்லாம் நலம். கிளேயில் பார்த்தால் வால்வு விளிம்புக்கும் பாக்கெட் சுவருக்கும் 0.8தான் இருக்கிறது. பாக்கெட் கொஞ்சம் தள்ளி வெட்டப்பட்டிருந்தது. பக்கவாட்டில் குறைந்தது 1.25 வேண்டும். டயல் மேலும் கீழும் மட்டும் பார்க்கும், பக்கத்தில் இருப்பது அதற்குத் தெரியாது.

சரி, டயல் கேஜ். இதற்கு வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, கட்டை விரலால் அமுங்கும் மெல்லிய ஸ்பிரிங் போட வேண்டும். டயலின் முள்ளை ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் மேல் தட்டில் நிறுத்தி, கிராங்கில் டிகிரி தட்டு மாட்டி (பழைய சிடியில் கோடு போட்டே நான் சமாளித்தேன்), உச்சிக்கு 20 டிகிரி முன்னாலிருந்து 20 டிகிரி பின்வரை இரண்டிரண்டு டிகிரியாக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ராக்கரை அழுத்தி வால்வைப் பிஸ்டனில் தொட வைத்து, முள் எவ்வளவு நகர்ந்தது என்று எழுத வேண்டும். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் தெரிந்த ஒரு லேத்தில் கேஜை இரவல் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை தந்தார்கள். அம்பாசடரின் ஹெட்டு வார்ப்பிரும்பு, கேஜைத் தாங்கும் காந்த அடி சிக்கென்று பிடித்துக்கொண்டது. பத்மினிக்கு அலுமினிய ஹெட்டு, காந்தம் வழுக்கிவிடும். ஒரு இரும்புப் பட்டையைப் போல்ட்டில் முடுக்கி அதன்மேல் நிறுத்தினோம்.

பொறுமை வேண்டும். ஆனால் கிளே ஒரே ஒரு எண் தரும் இடத்தில் இது ஒரு பட்டியலே தருகிறது. என் வண்டியில் இன்லெட் 12 டிகிரி பின்னால் 1.7, எக்ஸாஸ்ட் 3.1. இன்லெட் பற்றவில்லை, எக்ஸாஸ்ட்டில் தாராளம். கிளே மட்டும் பார்த்திருந்தால் “இடமில்லை, பிஸ்டனை வெட்டு” என்று கிளம்பியிருப்பேன். இப்போது வேறு வழி தெரிந்தது: கேமைக் கொஞ்சம் பின்தள்ளினால் இன்லெட் தாமதமாகத் திறக்கும், அந்தப் பக்கம் இடம் கூடும், எக்ஸாஸ்ட் பக்கம் குறையும். கேம் சக்கரத்தைச் சற்றுத் திருப்பிப் பொருத்த உதவும் ஆஃப்செட் சாவி போட்டு 4 டிகிரி பின்தள்ளினேன். மறுபடி அளந்தால் 2.2, 2.6. டைமிங் செயின் தேய்ந்து நீண்டாலும் கேம் இதே பக்கம்தான் நகரும் என்பதால் செயினையும் அப்போதே புதுசாக மாற்றிவிட்டேன்.

டயல் முறையில் ஒரு குறை உண்டு. மெல்லிய ஸ்பிரிங்கில் புஷ் ராடு (கேமிலிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பி) வளையாது, ஓட்டத்தில் நடப்பது இதில் தெரியாது. மேலே சொன்ன 2, 2.5 அதற்கெல்லாம் சேர்த்துத்தான். கனமான ஸ்பிரிங் முழு லிஃப்டில் சுருள் சுருளாக ஒட்டிக்கொள்கிறதா என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும், இந்த இரண்டு முறையும் அதைச் சொல்லாது.

பிளக் துவாரம் வழியாக ஈயக் கம்பியை விட்டு நசுக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. கம்பி வால்வுக்கு நேர் கீழே போய் நிற்கும் என்று எந்த நம்பிக்கையில் செய்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டு முடிப்பது இன்னொரு முறை. அதற்கு ஹெட்டின் உண்மையான கனம் தெரிய வேண்டும். என் ஹெட்டை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் எங்கோ சீவியிருக்கிறார், எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை. சீவியதால் வால்வு பிஸ்டனை நெருங்கியது மட்டுமல்ல, புஷ் ராடும் நீளம் கூடினாற்போல ஆகி ராக்கர் நிற்கும் கோணமே மாறியிருந்தது. ராக்கர் தாங்கிக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத்தான் சரிசெய்தேன்.

ஆக, பழைய பிஸ்டன், பழைய கேம், ராக்கர் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் ஒரு சிலிண்டரில் கிளே வைத்தால் போதும். கேம் மாறினால் டயல்தான், பேச்சே இல்லை. பிஸ்டனில் பாக்கெட் இருந்தாலோ பெரிய வால்வு போட்டாலோ இரண்டும் வேண்டும், கிளேயை பிளாக் விளிம்பிலும் ஒரு துண்டு ஒட்டிப் பாருங்கள். ஹெட்டைத் திறந்து வைத்துவிட்டு இரண்டாவது முறைக்கு அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கப் போகிறீர்கள் என்றால் சிலிண்டர் சுவரில் எண்ணெய் தடவி மூடி வையுங்கள். கடற்காற்றில் என்னுடையது புதன்கிழமைக்குள் செம்பழுப்பாகிவிட்டது.