கழற்றாத புல்லிக்கு 6,500 ரூபாய்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியைப் பட்டறைக்கு விடுங்கள்.

என்னுடையது அப்பா ஓட்டிய பெட்ரோல் வண்டி, 1,489 சிசி எஞ்சின். எஞ்சினுக்கு முன்னால் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் புல்லியைச் சுற்றி எண்ணெய் கசிந்து, நிறுத்திய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை விழுந்துகொண்டிருந்தது. டைமிங் கவர் (எஞ்சினின் முன்மூடி) கேஸ்கட், அதாவது மூடியின் இடுக்கை அடைக்கும் காகிதத் தகடு, போய்விட்டது என்று எனக்கே தெரியும். சோம்பல். பாலக்காட்டுச் சாலையில் ஒரு பட்டறையில் காலையில் விட்டேன். பகல் 1 மணிக்கே "வண்டி தயார், அண்ணா" என்று போன் வந்தது. கேஸ்கட் 1, ஆயில் சீல் (புல்லியைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையம்) 1, கூலி என்று எழுதி 6,500 ரூபாய் வாங்கினார்கள். ரேடியேட்டரை இறக்கி, புல்லியை இழுத்து, கவரைச் சுரண்டி மாட்டும் வேலை இத்தனை சீக்கிரம் முடியுமா என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கழுவித் துடைத்த எஞ்சினின் பளபளப்பில் வாயடைத்துப்போனேன்.

12ஆம் நாள் கறை திரும்பியது. போய்ச் சொன்னால், "பழைய எஞ்சின் அண்ணா, கொஞ்சம் வியர்க்கத்தான் செய்யும்" என்றார் பட்டறைக்காரர்.

மைத்துனரைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலிலேயே பிரித்தேன். ரேடியேட்டரை எடுத்ததும் குட்டு உடைந்தது. புல்லி நட்டைப் பூட்டும் தகட்டை நிமிர்த்தாமல் நட்டைத் திருப்ப முடியாது. அதன் மடிப்பில் துருவும் பழைய அழுக்கும் அப்படியே படிந்திருந்தன. ஒரு உளித் தடம்கூட இல்லை. கவரின் விளிம்பில் வெளியிலிருந்து சிவப்பு சிலிக்கோன் பசையை இழுகியிருந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பூசியது, நகத்தால் தொட்டதும் பாலாடைபோல உரிந்து வந்தது. உள்ளே அப்பா காலத்துக் காகித கேஸ்கட் கருகிப்போய்க் கிடந்தது.

வேளந்தாவளம் வழியாகக் கோவை உக்கடம் போய் கேஸ்கட்டும் சீலும் வாங்கினேன்; இரண்டும் சேர்ந்து 400 ரூபாய்கூட ஆகவில்லை. நீங்களே செய்வதாக இருந்தால் இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும். போல்ட் துளைகளைச் சுற்றிக் கவர்த் தகடு குழிந்திருக்கும், மரக்கட்டையில் வைத்துத் தட்டிச் சமப்படுத்துங்கள். பிறகு போல்ட்களைத் தளர்வாக விட்டு, புல்லியைச் சீலுக்குள் நுழைத்துக் கவரை நடுப்படுத்திய பின்பே இறுக்குங்கள். நடு விலகினால் புதுச் சீலும் ஒழுகும். உள்ளே கிராங்க்கில் இருக்கும் எண்ணெய் தெறிப்பு வளையத்தில் 'எஃப்' எழுத்து இருந்தால் அது முன்பக்கம் பார்க்க வேண்டும். எங்களுக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின.

வெளியில் கொடுப்பதாக இருந்தால் கழற்றிய கேஸ்கட்டையும் சீலையும் கையில் கேட்டு வாங்குங்கள். நான் அந்தக் கருகிய கேஸ்கட்டைக் கொண்டுபோய்ப் பட்டறை மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்காமல், பையனிடம் எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். பில்லை நீட்டினேன். நோட்டிலிருந்து கிழித்த தாள். பட்டறைப் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

மூன்று வாரமாக வண்டிக்கடியில் விரித்த அட்டை காய்ந்தே கிடக்கிறது. பணம் இன்னும் வரவில்லை.