60 லிட்டர் உப்புத் தண்ணீரும் மூன்று வருடமும்

நன்னீர் மீன் வளர்த்துப் பழகிய தைரியத்தில்தான் உப்புநீர்த் தொட்டி வைத்தேன். 60 லிட்டர். இரண்டு க்ளௌன் மீன், ஒரு க்ளீனர் இறால், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நான்கு ஹெர்மிட் நண்டு, கொஞ்சம் நத்தை. மூன்று வருடம் ஆகிவிட்டது. மீனுக்காக நான் செலவழிப்பது தினம் இரண்டு நிமிடம். மிச்ச வேலையெல்லாம் தண்ணீருக்கு.

சின்னத் தொட்டி என்றால் வேலையும் சின்னது என்று கணக்குப் போட்டிருந்தேன். தப்புக் கணக்கு. தண்ணீர் குறைவாக இருந்தால் எல்லாமே சட்டென்று மாறும். தினமும் முக்கால் லிட்டர் ஆவியாகிறது. போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். இது புரியாமல் முதல் இரண்டு வாரம் குறைந்ததை ஈடுகட்ட உப்புக் கரைத்த தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன். 1.025 இருக்க வேண்டிய அடர்த்தி (நல்ல தண்ணீர் 1 என்றால் உப்புநீரின் கனம்) 1.030-ஐத் தொட்டுவிட்டது. நல்லவேளை, அப்போது உள்ளே பாறையைத் தவிர ஒன்றும் இல்லை. ஈடுகட்ட ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். இப்போது அதைத் தானாக நிரப்பும் கருவி இருக்கிறது. வாங்கியதில் உருப்படியானது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

மீன் விட ஆறு வாரம் காத்திருந்தேன். கழிவிலிருந்து வரும் விஷமான அமோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா பாறையில் குடியேறும்வரை வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பிறகு மண்ணெல்லாம் பழுப்பாகப் பாசி படர்ந்தது. பதறிப்போய்த் தேய்த்தேன். தேய்த்திருக்கவே வேண்டாம், நத்தைகள் வந்ததும் தின்று தீர்த்துவிட்டன.

இறாலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருநாள் காலையில் பாறையடியில் பக்கவாட்டில் கிடந்தது. கால், மீசை எல்லாம் அப்படியே இருக்கிறது, அசைவு மட்டும் இல்லை. செத்துப்போச்சு என்று இடுக்கியால் எடுத்தால் கனமே இல்லை, கண்ணாடித் தாள் மாதிரி. அதே நேரம் பாறை இடுக்கிலிருந்து இரண்டு வெள்ளை மீசை நீண்டு ஆடின. தோலை உரித்துப் போட்டுவிட்டு உள்ளே ஒளிந்திருக்கிறது! புது ஓடு இறுகும்வரை வெளியே தலைகாட்டாது. இப்போதெல்லாம் சட்டையைக் கழற்றிவிட்டாயா என்று கேட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

இரண்டாம் வருடம் ஒரு மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தது. கையில் இருந்தது செம்பு கலந்த மருந்து. அதைத் தொட்டியில் ஊற்றினால் இறால், நண்டு, நத்தை எதுவும் மிஞ்சாது; முதுகெலும்பில்லாதவற்றுக்குச் செம்பு விஷம். மீன்கள் இரண்டையும் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுத்தேன். அந்தத் தனித் தொட்டியை அன்று ராத்திரி அவசரமாக ஏற்பாடு செய்ய நான் பட்ட பாடு தனிக்கதை. முதல் நாளே வைத்திருக்க வேண்டும்.

கருவிகளில் என்னைக் கைவிட்டது ஹீட்டர்தான். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, காலையில் பார்த்தால் 31 டிகிரி. வழக்கமாக 26-ல் வைப்பேன். அதன்பின் சூடு ஏறினால் ஹீட்டரை அணைக்கும் தனிக் கன்ட்ரோலர் போட்டேன். உப்பை அளக்கும் பிளாஸ்டிக் மானியில் முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலும் கணக்குத் தப்பும், ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர்தான் சரி. கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் இந்த அளவுத் தொட்டிக்குத் தேவைப்படவில்லை, வாரம் ஆறு லிட்டர் தண்ணீர் மாற்றினால் போதும். அப்புறம், வயர் வழியாக உப்பு ஊர்ந்து வரும். பிளக்குக்குக் கீழே வயரைத் தொங்கலாக வளைத்துவிடுங்கள், சொட்டும் நீர் அங்கேயே விழுந்துவிடும்.

க்ளௌன் மீன்கள் எல்லாம் ஆணாகவே வளரத் தொடங்கும், ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடும். எங்கள் வீட்டு அம்மா இப்போது மற்றதைப்போல ஒன்றரை மடங்கு. அவள் கிட்டே வந்தால் ஐயா உடம்பை நடுக்கிக் காட்டி வழிவிடுகிறார். கடலில் இவை ஒண்டி வாழும் அனிமோன் என்ற உயிரி இல்லாமலே பம்ப் மூலையில் இரண்டும் சுகமாகத் தூங்குகின்றன.

நண்டுகளுக்கு மாற்றுச் சங்கு போடாமல் விட்டதற்கு ஒரு நத்தை உயிரைக் கொடுத்தது. ஓட்டுக்காகவே அதைக் கொன்றுவிட்டது ஒரு நண்டு. இப்போது ஒரு கைப்பிடி காலிச் சங்கு உள்ளே கிடக்கிறது. நேற்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு நண்டு பெரிய சங்கு ஒன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது, காலைவிட்டு ஆழம் பார்த்தது, சட்டென்று உள்ளே மாறியது. பத்து நிமிடம்கூட இல்லை, பழையதற்கே திரும்பிவிட்டது.