ஆவணி புரட்டாதியில் தூண்டில்: இரணைமடுவா, முத்தையன்கட்டா, ஊர்க்குளமா?

சிறுபோக வெட்டு முடிந்து, துருசை (மதகை) பூட்டி, வன்னிக் குளங்கள் பாதியும் காலுமாகக் கிடக்கிற காலம் இது. லீவில் வந்து நிற்கிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்தக் குளத்தில இப்ப மீன் படும்?" ஆளுக்கொரு குளம் சொல்வார்கள். கிளிநொச்சிக்காரர் இரணைமடுவை விட்டுக்கொடுக்கமாட்டார். ஒட்டுசுட்டான் பக்கத்தார் முத்தையன்கட்டு என்பார்கள். மிச்சப்பேர், "ஏன் அவ்வளவு தூரம் போறியள், எங்கட ஊர்க்குளம் வத்திக் கிடக்கு, கையால அள்ளலாம்" என்பார்கள்.

மூன்றும் பொய்யில்லை. யார், எதற்காகப் போகிறார் என்று கேட்காமல் சொல்வதுதான் பிழை. என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். தூண்டிலோடு நிற்கப் போகிறவருக்கு முத்தையன்கட்டு. சட்டிக்கு நல்ல மீன் வேண்டுமென்றால் விடியப்புறம் இரணைமடுக் கரையில் வள்ளத்தடியில் வாங்குவது. ஊர்க்குளம் விராலுக்கு மட்டும், அதுவும் ஊர்க்காரர் கூப்பிட்டால்.

தண்ணி குறைந்தால் மீன் கூடுமா?

வன்னியில் மழை ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும்தான். அதற்குப் பிறகு குளத்துக்கு வரவு கிட்டத்தட்ட இல்லை, செலவு மட்டும்தான். வயலுக்குப் பாய்வது ஒரு பங்கு, வெயிலும் சோளகக் காற்றும் குடிப்பது இன்னொரு பங்கு. ஆவணிக் கடைசியில் எந்தப் பெரிய குளத்தின் அலைகரையிலும் இறங்கி நடந்து பாருங்கள். காய்ந்து வெடித்த சேற்றில் சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து அழுத்தினதுபோல வட்ட வட்டமாகப் பள்ளங்கள் கிடக்கும். ஆண் திலாப்பியா கூடல் காலத்தில் வாலாலும் வாயாலும் தோண்டினவை அவை. தண்ணி இருந்தபோது முழங்கால் ஆழத்தில் இருந்த பள்ளங்கள் இப்போது கரையிலிருந்து எங்கேயோ தள்ளி, ஆட்டுப் புழுக்கையோடு கிடக்கின்றன.

வேறு மீன் என்றால் முட்டை அதோடு காய்ந்து போயிருக்கும். திலாப்பியாவுக்கு அந்தக் கவலை இல்லை. பள்ளத்தில் இட்ட முட்டையைப் பெண் உடனே வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும், குஞ்சும் வாய்க்குள்தான். தண்ணி இறங்க இறங்கத் தாயும் குஞ்சும் சேர்ந்தே இறங்கும். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவந்து விடப்பட்ட ஒரு மீன் எங்கள் குளங்களையெல்லாம் தன் சொந்த வீடாக்கிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஏறி இறங்குகிற குளத்துக்கென்றே செய்ததுபோன்ற பிறவி.

ஆகவே தண்ணி குறைந்தால் மீன் ஒடுங்கும் என்பது உண்மை. ஒடுங்கின மீன் தூண்டில் கடிக்கும் என்பது மட்டும் உண்மையில்லை. சூடான தண்ணி ஒட்சிசனைக் குறைவாகத்தான் பிடித்து வைக்கும்: 25 பாகை செல்சியஸில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலே தாங்கும், 30 பாகையில் ஏழரை அளவுதான். அதிலும் பச்சை பிடித்த குளத்தில் பாசி இரவெல்லாம் இருக்கிற ஒட்சிசனையே தானும் எடுத்துக்கொள்ளும். அதனால் விடியப்புறம்தான் மீனுக்கு மூச்சு முட்டுகிற நேரம். மேகம் மூடி, காற்றும் விழுந்துபோன விடியலில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதைப் பார்த்து "மீன் துள்ளுது, எறி" என்று சத்தம் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது பசி இல்லை, மூச்சு. இரை போட்டாலும் தொடாது.

ஆகவே இந்தக் காலத்தில் குளத்தைப் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்யக் கூடாது. இரண்டு விசயத்தைப் பார்க்க வேண்டும்: மிச்சத் தண்ணி எவ்வளவு ஆழம், அதில் காற்று எப்படிப் படுகிறது.

இரணைமடு: தண்ணி பெரிது, காற்றும் பெரிது

வடக்கில் இதைவிடப் பெரிய குளம் இல்லை. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டினது. 34 அடியாக இருந்த மட்டம், 2018 இல் முடிந்த புனரமைப்போடு 36 அடியாக உயர்ந்தது. கோடையில் எவ்வளவு இறங்கினாலும் ஆற்றுத் தாழ்வில் ஆழத் தண்ணி மிஞ்சும். மூச்சு முட்டுகிற பிரச்சினை மற்றக் குளங்களைவிட இங்கே குறைவு. மீன் கொழுப்பாக இருக்கும், சேற்று மணமும் குறைவு.

பிறகு ஏன் தூண்டிலுக்கு இதை முதலாவதாகச் சொல்லவில்லை? கட்டு வடக்கே, தண்ணி தெற்கே நீண்டு கிடக்கிறது. சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. தடுக்க ஒன்றுமில்லாமல் அவ்வளவு தூரம் தண்ணி மேலே ஓடி வருகிற காற்று, கட்டுப் பக்கம் வந்து சேரும்போது கடல் அலை கணக்காகக் கல்லடுக்கில் மோதும். காலை ஒன்பது பத்து மணிக்குப் பிறகு தக்கை எங்கே நிற்கிறது, மீன் இழுக்கிறதா அலை இழுக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. கரையோரம் முழுக்கக் கலங்கல். ஆழத்துக்குப் போக வள்ளம் வேண்டும். அந்தக் காற்றில் பழக்கமில்லாத ஆள் வள்ளத்தில் ஏறுவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

வலைக்காரருக்கு அந்தக் கலங்கல் வசதி. கலங்கின தண்ணியில் மீனுக்கு வலை தெரியாது. மாலையில் காற்று இறங்க வலையைப் படுத்துவிட்டு விடிய எடுப்பார்கள். நிலவு காலத்தில் பாடு குறையும், இருட்டுக் காலத்தில் கூடும் என்பது வள்ளக்காரர் எல்லாரும் சொல்கிற கணக்கு. ஆகவே இரணைமடு மீன் வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டின நாட்களில் வெள்ளெனப் போய், வள்ளம் கரை தட்டுகிற இடத்தில் நில்லுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு மங்கிக் கபிலமாக இருந்தால் அது இரவு முழுக்க வலையில் செத்துக் கிடந்தது. கோடைத் தண்ணியின் சூட்டில் மீன் வலையிலேயே பழுதாகத் தொடங்கிவிடும். மார்கழியில் இந்தக் கவலை இவ்வளவு இல்லை.

ஒரு விசயம். கண் சின்ன வலையில் பட்ட விரல் நீள மீனை "பொரியலுக்கு நல்லது" என்று குவித்து விற்பார்கள். குளங்களில் வலைக் கண் எட்டரை சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாதென்பது சட்டம். வாங்க ஆள் இருக்கும் வரைக்கும் அந்தச் சட்டம் கடதாசியில்தான் இருக்கும்.

முத்தையன்கட்டு: ஒதுங்கி நிற்க இடமுள்ள குளம்

பேராற்றின் குளம் இது. இரணைமடுவை விடச் சிறிது. தூண்டில்காரருக்கு அதுதான் நன்மை. காற்று ஓடுகிற தூரம் குறைவு, காடு இறங்கி வருகிற பக்கங்களில் ஒதுக்கு உண்டு. சோளகம் அடிக்கிற நேரத்திலும் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தக்கையை ஆட்டமில்லாமல் பார்க்கக்கூடிய மூலைகள் கிடைக்கும். தக்கை பாதி அமிழ்ந்து, ஒரு கணம் நின்று, பக்கவாட்டாக நகரத் தொடங்கினால் திலாப்பியா. அதை இரணைமடுக் கட்டில் இந்த மாதத்தில் பார்க்கவே முடியாது.

நேரம்: விடிந்து ஒரு மணித்தியாலம் விட்டுத் தொடங்குங்கள். வெளிச்சம் பட்டால் பாசி திரும்ப ஒட்சிசன் விடத் தொடங்கும், மீனும் மேயத் தொடங்கும். வெயில் உச்சிக்கு ஏற முன் முடித்துவிடலாம். பின்னேரம் காற்று விழுகிற நேரம் இன்னொரு நல்ல நேரம், ஆனால் அதை நான் சிபாரிசு செய்வதில்லை. காட்டுக்குள் மோட்டைகள் (சின்ன நீர்நிலைகள்) வற்றின காலத்தில் யானை தண்ணிக்கு வருகிற நேரமும் அதுதான். ஒட்டுசுட்டான் பக்கத்தார் பொழுது பட முன் கரையை விட்டு ஏறுவதைப் பார்த்தாலே விளங்கும்.

இரைக்கு நாக்கிளிப்புழு, அதுதான் மண்புழு, போதும். வலதுகரை, இடதுகரை வாழைத் தோட்டங்களில் ஈரமண்ணைக் கிளறினால் கிடைக்கும், தோட்டக்காரரைக் கேட்டுவிட்டுக் கிளறுங்கள். புழு கிடைக்காவிட்டால் பாணைப் பிசைந்து உருட்டுங்கள். சின்னக் கொளுக்கி, மெல்லிய தங்கூசி (நைலோன் நூல்), பட்டாணி அளவு ஈயம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கின ரீலும் தடியும் திலாப்பியாவுக்குத் தேவையில்லை. மூங்கில் தடியோடு பக்கத்தில் நிற்கிற பொடியன் உங்களைவிடக் கூடப் பிடிப்பான். கட்லா தூண்டிலில் படுமென்று எதிர்பார்க்காதீர்கள். அது மேல் தண்ணியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை வடித்துத் தின்கிற மீன்.

முதலை எல்லாக் குளத்திலும் உண்டு. தண்ணி சுருங்கினால் முதலையும் சுருங்கின தண்ணிக்குள்தான் இருக்கும். முழங்காலளவு இறங்கி நின்று எறிகிற பழக்கத்தை இந்தக் காலத்தில் விட்டுவிடுங்கள். பிடித்த மீனைக் கோர்வையாகத் தண்ணிக்குள் தொங்கவிடுவதும் அதே வில்லங்கம்தான்.

ஊர்க்குளம்: அள்ளலாம், ஆனால் யாருடையது?

கையால் அள்ளலாமென்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஊர்க்குளம் ஆவணியில் இடுப்பளவாகி, புரட்டாதியில் முழங்காலாகி, பிறகு சேறாகும். கரப்புக் குத்தலாம், அத்தாங்கு போடலாம், வீச்சுவலை எறியலாம். கூழைக்கடா கூட்டமாக வந்து இறங்கிவிட்டால் நாள் நெருங்கிவிட்டதென்று அர்த்தம்.

ஆனால் அந்த மீனில் பெரும் பங்கு தானாக வந்ததில்லை. மழை முடிய நக்டாவிடமிருந்து (அரசின் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை) குஞ்சு எடுத்து, கமக்காரர் அமைப்போ மீனவர் சங்கமோ விட்டு, ஆறேழு மாதம் காவல் இருந்து, வற்றுகிற நேரத்தில் அறுவடை செய்வது. கட்லா, ரோகு, மிர்கால், திலாப்பியா எல்லாம் அப்படி விட்டவைதான். லீவில் வந்தவர் தடியோடு போய் நின்றால் ஊரார் மரியாதைக்கு ஒன்றும் சொல்லமாட்டார்கள், மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள். "அண்ணை, பிடிக்கலாமோ?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள்.

விரால் வேறு கதை. மேலே வந்து நேரடியாகக் காற்றை விழுங்கி மூச்சு விடக்கூடிய மீன். கட்லா செத்து மிதக்கிற தண்ணியிலும் விரால் சுகமாக இருக்கும், சேறானால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். ஆகவே கோடைக் கடைசியில் ஊர்க்குளத்துக்குத் தூண்டிலோடு போவதற்கு ஒரே நல்ல காரணம் அதுதான். தாமரை, ஒல்லி மிஞ்சிக் கிடக்கிற ஓரத்தில் தத்துவெட்டியானையோ (வெட்டுக்கிளி) சின்னத் தவளையையோ கொளுவி, இலைக்கு மேலே இழுத்துத் தண்ணியில் விழுத்துங்கள். இங்கே மெல்லிய தங்கூசி சரிவராது. அடித்தவுடன் கொடிக்குள் ஓடி ஒரு சுற்றுச் சுற்றினால் அறுந்துவிடும்.

ருசிக்கு வந்தால் ஊர்க்குளம் கடைசி. சூடான ஆழமில்லாத தண்ணியின் பாசியும் நுண்ணுயிர்களும் விடுகிற ஒரு பொருள்தான் அந்தச் சேற்று மணம். மீன் தோலிலும் கொழுப்பிலும் அது ஊறிவிடும். புளி அதைக் குறைக்கும். எங்கட ஆச்சிமார் வெட்டின மீனை உப்பும் பழப்புளியும் போட்டு உரஞ்சி ஊறவைத்ததில் விசயம் இருக்கிறது. வற்றின குளத்துத் திலாப்பியாவைச் சொதி வைக்காதீர்கள், மணம் முழுக்கச் சொதியில் நிற்கும். தோலை உரித்து, தூள் தூக்கலாகப் போட்டுப் பொரியல்.

மற்றக் குளங்கள்

வவுனிக்குளத்தை மல்லாவிக்காரர் கோபிக்காமல் இருக்கச் சொல்லவேண்டும். பாலியாற்றுக் குளம், நல்ல குளம், முத்தையன்கட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம். மேற்கு வன்னியில் இருக்கிறவர் அதைத் தாண்டி ஒட்டுசுட்டானுக்கு ஓட வேண்டியதில்லை. கட்டுக்கரைக்குளம் பரந்து கிடக்கிறதே தவிர ஆழம் குறைவு. அருவியாற்றுத் தண்ணி தேக்கம் அணையிலிருந்து வந்து சேர்ந்தால்தான் அதற்கு உயிர். சரணாலயமும்கூட. புரட்டாதியில் அங்கே பறவை பார்க்கப் போங்கள்.

முதல் இடிமழை வந்தால்

இந்த வரிசையெல்லாம் புரட்டாதிக் கடைசி, ஐப்பசி முதல் பின்னேர இடிமழை வரைக்கும்தான். முதல் வெள்ளம் செம்மண்ணும் சருகுமாக வந்து விழும்போது சின்னக் குளத்தில் மிச்சமிருந்த ஒட்சிசனும் போகும், மீன் சாவதுண்டு. முத்தையன்கட்டில் சில நாள் தூண்டில் அசையாது. ஆறு குளத்துக்குள் விழுகிற வாய்களில் மட்டும் கெழுத்தி கடிக்கும். இரணைமடு கடைசியாகத்தான் மாறும், அவ்வளவு தண்ணியைக் கலக்க ஒரு மழை காணாது.

விராலும் மழைக்குத்தான் முட்டையிடப் புறப்படும். சிவப்பாகத் திரண்டு மேலே வருகிற குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரம் எதை எறிந்தாலும் ஆத்திரத்தில் பாய்ந்து கவ்வும், பிடிப்பது மிகச் சுலபம். அந்தக் கூட்டத்தைக் கண்டால் தடியைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போங்கள்.